முடிவெட்டும் லைசென்ஸில் ஊசி மாற்றினோம்

சில மாதத்துக்கு முன்னால் ஊசி மாற்றும் நிலையத்தில் ஸ்டோர் ரூமை ஒதுக்கக் கூப்பிட்டார்கள். நான் வேலையை விட்டு நின்று நாளாகிவிட்டது. இருந்தாலும் எந்தப் பெட்டியில் எது இருக்கிறது என்று எனக்குத்தான் தெரியும், அதனால் போனேன். மாவட்ட மன்றத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்திருந்தாள். கழுத்தில் அட்டை, காலில் வெள்ளைச் சப்பாத்து. பெட்டிகளுக்குப் பின்னால் கிடந்த முடிவெட்டும் நாற்காலியைப் பார்த்துவிட்டு, "ஆண்டி, ஊசி மாத்துற எடத்துல பார்பர் சேர் எதுக்கு?" என்று கேட்டாள்.

"உங்க ஆபீஸ்தான் போடச் சொன்னிச்சு" என்றேன்.

"சும்மா சொல்லாதீங்க ஆண்டி" என்று சிரித்தாள். கூட நின்ற எங்கள் புதுப் பிள்ளைகளும் சிரித்தார்கள்.

சிரிக்கட்டும். அன்றைக்குச் சாயங்காலம் அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி வந்து, "அக்கா, அந்த நாற்காலி கதைய எழுதிக் குடுங்க, நம்ம ஆண்டு மலர்ல போடலாம்" என்றாள். நான் காஹாங் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். சொல்கிற விஷயத்தில் யாரும் கை வைக்க வேண்டாம்.

முதலில் ரப்பர் மரம் சீவினேன். ரப்பரை வெட்டி எண்ணெய்ப்பனை நட்டதும் உதிரிப்பழம் பொறுக்கினேன். வீட்டுக்காரர் போன பிறகு டவுனுக்கு வந்து, மன்றத்தின் துப்புரவுக் குத்தகை எடுத்தவனிடம் கடைகளின் பின்சந்து கூட்டினேன். அங்கேதான் முதன்முதலில் ஊசிகளைப் பார்த்தேன். மீன் கடைக்குப் பின்னால், குப்பைத் தொட்டிக்கு அடியில், பாலத்துக்குக் கீழே. மண்டோரிடம், அதான் மேஸ்திரியிடம், சொன்னேன். "கால்வாய்ல தள்ளி விடு, தண்ணி அடிச்சிக்கிட்டுப் போயிரும்" என்றான். எங்கே அடித்துக்கொண்டு போகும்? கம்பத்து வீடுகளில் இருக்கிற பிள்ளைகள் மீன் பிடிக்கிற இடத்துக்கு. நான் தள்ளவில்லை. இரும்பு இடுக்கியால் எடுத்துப் பழைய எண்ணெய் டின்னில் போட்டு வைத்தேன். அந்த டின்னைப் பார்த்துத்தான் மிஸ்ஸி என்னை வேலைக்குக் கூப்பிட்டார்.

மிஸ்ஸி என்றால் எங்கள் ஊரில் ஆஸ்பத்திரி நர்ஸ். இவர் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, ஒரு தொண்டு அமைப்புக்காக இந்த நிலையத்தை நடத்த வந்தவர். பயிற்சி என்று என்னை ஜொகூர் பாருவில் ஒரு ஹோட்டலுக்கு அனுப்பினார்கள். குளிர் தாங்கவில்லை. மேடையில் ஒருவர் வட்டம் வட்டமாகப் படம் காட்டினார். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொடுத்த பொரித்த மீஹூன் நன்றாக இருந்தது. அந்தப் பயிற்சியைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

வேலையை மிஸ்ஸிதான் கற்றுக்கொடுத்தார். எங்கள் வேலை என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பவுடரைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒருவன் போட்ட ஊசியை இன்னொருவன் போட்டால் ரத்தத்தோடு நோயும் போகிறது. அவனிடமிருந்து பெண்டாட்டிக்குப் போகிறது, வயிற்றுப் பிள்ளைக்குப் போகிறது. பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புது ஊசி கொடுத்தால் அந்த வழி அடைபடும். குடிக்காதே, போடாதே என்று சொல்ல ஊரே இருக்கிறது. நாங்கள் அதைச் சொல்வதில்லை. அவன் உயிரோடு இருந்தால்தான் ஒருநாள் விடுவான்.

மிஸ்ஸி சொன்ன முறை இது. ஊசியை அவன் கையிலிருந்து நம் கையால் வாங்கக் கூடாது. மஞ்சள் தொட்டியை அவன் முன்னால் நகர்த்த வேண்டும், அவனே போட வேண்டும். அவன் போடும்போது தொட்டியை நாம் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது, மேசை மேல் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். கழற்றிய ஊசிக்குத் திரும்ப மூடி மாட்டக் கூடாது. மாட்டப் போகும்போதுதான் விரலில் குத்தும். தொட்டி நிரம்பி வழிகிற வரைக்கும் காத்திருக்கக் கூடாது. முக்கால்வாசி ஏறியதும் மூடியை அழுத்த வேண்டும், டக்கென்று ஒரு சத்தம் வரும், பிறகு அதைத் திறக்க முடியாது. அது ஆஸ்பத்திரிக்குப் போய் எரிந்துபோகும். செருப்புப் போட்டுக்கொண்டு வேலைக்கு வரக் கூடாது, மூடிய சப்பாத்து. பாலத்தடியில் எவ்வளவு அவசரமானாலும் இடுக்கியில்லாமல் குனியக் கூடாது. புது ஊசியும் பஞ்சும் துடைக்கிற மருந்துத் தாளும் சுத்தத் தண்ணீரும் வைத்த பையை அவன் கையில் கொடுக்கும்போது மட்டும் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

"ஏன் மிஸ்ஸி?" என்று கேட்டேன்.

"வேற எங்கயும் யாரும் அவன் மொகத்தப் பாக்குறதில்லக்கா" என்றார்.

மிஸ்ஸி யாரிடமும் சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. இஸ்திரி போட்ட நூல் சேலை, முழங்கால் வரை வரும் முடியை அள்ளிப் போட்ட கொண்டை, அதில் கறுப்பு ஊசிகள். டத்தோ பட்டம் வாங்கினவர் வந்தாலும் பவுடர் அடிக்கிறவன் வந்தாலும் உட்காரச் சொல்வது அதே சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியில்தான். பெரிய மனிதர்கள் அதைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு உட்காருவார்கள். மிஸ்ஸி துடைத்து முடிகிற வரைக்கும் பொறுமையாகப் பார்த்துக்கொண்டு நிற்பார். யாராவது வாய்வார்த்தையாக உத்தரவு போட்டால் மறுக்கவே மாட்டார். "சரிங்க ஐயா. கறுப்பு வெள்ளையில குடுத்திருங்க" என்பார். எழுத்தில் கொடுக்கச் சொன்னதும் பாதிப் பேருக்கு அந்த உத்தரவு மறந்துபோகும்.

ஒரே ஒரு ஆள்தான் மறக்காதவர். அவர் மன்றத்தின் லைசென்ஸ் இன்ஸ்பெக்டர். பெயர் எழுதவில்லை, எந்த ஊர் மன்றம் என்பதும் வேண்டாம். பென்ஷன் வாங்கிக்கொண்டு நன்றாக இருக்கிறார், இருக்கட்டும். நம் ஆள்தான். ஆனால் எங்களிடம் தமிழ் பேசமாட்டார். மலாயில் கேட்பார், மலாயில் பதில் எதிர்பார்ப்பார். கடை வாசல் நடைபாதையை அஞ்சடி என்போம், அதைத் தாண்டி நிலையத்துக்குள் முழுசாக வந்ததில்லை. ஒரு கால் உள்ளே, ஒரு கால் அஞ்சடியில். இடுப்பில் அளக்கிற டேப் தொங்கும். பேனா இரவல் கொடுத்தால், திரும்ப வாங்கியதும் துடைப்பார்.

அது வரைக்கும் எங்களுக்கு லைசென்ஸ் கிடையாது. சுகாதார இலாகாவின் அனுமதி இருந்தது, அது போதும் என்று இருந்தோம். இன்ஸ்பெக்டர் ஒருநாள் வந்து, கதவு திறந்து ஆள் வந்து போகிற எந்த இடத்துக்கும் மன்றத்தின் லைசென்ஸ் வேண்டும் என்றார். மிஸ்ஸி வழக்கம்போலக் கறுப்பு வெள்ளையில் கேட்டார். மறுநாளே கொண்டு வந்து கொடுத்துவிட்டார். அப்போதே எனக்குத் தெரிந்தது, இது லேசில் விடாது என்று.

லைசென்ஸ் கேட்கப் போனால், எங்கள் மாதிரி இடத்துக்கு அவர்களிடம் வகை இல்லை. நாய் வளர்க்க வகை உண்டு. கூட்டை எடுத்து விற்கக் குருவி வளர்க்கிற வீட்டுக்கு உண்டு. உடம்பு பிடித்து விடுகிற கடைக்கு உண்டு. ஊசி மாற்ற இல்லை. இல்லாத வகையில் லைசென்ஸ் கொடுக்க முடியாது, லைசென்ஸ் இல்லாமல் நடத்தவும் முடியாது. படித்தவர்கள் ஐந்தாறு பேர் குளிர் அறையில் உட்கார்ந்து பேசினார்கள். நானும் மிஸ்ஸியோடு போய் வெளியே பெஞ்சில் காத்திருந்தேன். கடைசியில் கண்டுபிடித்துவிட்டார்கள். எங்களிடம் இருப்பது என்ன? கூர்மையான பொருள், அதை ஆளுக்கு ஒன்று புதிதாக எடுக்க வேண்டும், பழையதைப் பத்திரமாகப் போட வேண்டும். மன்றத்தின் விதிப் புத்தகத்தில் இப்படி எழுதியிருக்கிற ஒரே தொழில் முடிவெட்டும் கடை. பிளேடு இருக்கிறதல்லவா!

மிஸ்ஸி வெளியே வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"குடுத்துட்டாங்களா மிஸ்ஸி?"

"குடுத்துட்டாங்க. நம்ம இப்ப ஆம்பளைங்களுக்கு முடி வெட்டுறோம்."

நான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சிரித்தேன். மிஸ்ஸி சிரிக்கவில்லை. பஸ் ஏறும்போதுதான் சொன்னார், "இதுல என்னென்ன விதி வரும்னு பாக்கணும்க்கா" என்று.

வந்தது. முடிவெட்டும் கடை என்றால் சாய்கிற நாற்காலி ஒன்று வேண்டும். கைகழுவும் தொட்டி வேண்டும். நாற்காலிக்கு எதிரே, உட்கார்ந்தவருக்கு முகமும் தோளும் தெரிகிற அளவுக்குச் சுவரில் கண்ணாடி வேண்டும். இன்னொன்று, அதுதான் கொடுமை. கடைக்கு வெளியே, அஞ்சடியிலோ தெருவிலோ, தொழில் செய்யக் கூடாது. அதாவது நான் பை தூக்கிக்கொண்டு பாலத்தடிக்கும் மார்க்கெட் பின்னாலும் போய்ப் புது ஊசி கொடுக்கக் கூடாது. கொடுத்ததைப் பார்த்தால் லைசென்ஸ் ரத்து, கதவுக்குப் பூட்டு. மிஸ்ஸி என் பையை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். பூட்டும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. இடம் போனால் வருகிற அத்தனை பேருக்கும் போய்விடும், அவரும் என்ன செய்வார்.

பழைய கடை ஒன்றிலிருந்து நாற்காலி வாங்கினோம். கண்ணாடி வந்தது. தரையிலிருந்து என் நெஞ்சு வரைக்கும் என்ன உயரமோ அவ்வளவு அகலம். கதவைத் திறந்ததும் எதிரே அதுதான்.

அந்தக் கண்ணாடி செய்த வேலையைச் சொல்ல வேண்டும். எங்களிடம் வருகிறவர்கள் கண்ணாடி பார்த்து எவ்வளவோ நாளாகியிருக்கும். சாயங்காலம் கதவைத் திறந்து ஒருவன் உள்ளே வருவான். எதிரே ஒருத்தன் வருவான், கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய். பார்த்தவன் அப்படியே நிற்பான். சிலர் தலையைக் குனிந்துகொண்டு பக்கவாட்டில் நடந்து வந்து வாங்கிப் போனார்கள். ஒரு கிழவர், லோரி ஓட்டினவர், "யாரு தங்கச்சி அது?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார். நிறையப் பேர் வரவேயில்லை.

மிஸ்ஸி கண்ணாடியைக் கழற்றிச் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டினார். "கண்ணாடி செவுத்துல இருக்கணும்னுதான் போட்டிருக்கு. எந்தப் பக்கம் பாக்கணும்னு போடல" என்றார். இன்ஸ்பெக்டர் வந்தார், ஒரு காலை உள்ளே வைத்தார், பார்த்தார். மறுநாள் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொண்டுவந்தார். திருப்பி மாட்டினோம்.

இப்போது குணாவைப் பற்றிச் சொல்கிறேன். இது அவனுடைய கதையும்தான். எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்கக்கா, பேர மட்டும் மாத்திருங்க" என்றான். மாற்றியிருக்கிறேன்.

குணா விடியற்காலையில் மோட்டார் எடுத்துக்கொண்டு சிங்கப்பூர் பெக்டரிக்கு வேலைக்குப் போகிறவன். பெண்டாட்டி லெட்சுமி அப்போது மாசமாக இருந்தாள். அவன் போடுவது அவளுக்குத் தெரியும், ஆனால் ஊருக்குத் தெரியாது. ஊருக்குத் தெரியக் கூடாது என்பதற்காக நிலையத்துக்குள் வந்தாலும் ஹெல்மெட்டைக் கழற்றமாட்டான். கண் மட்டும் தெரியும். மஞ்சள் தொட்டியில் பழையதைப் போடுவான், பையை வாங்குவான், "வரேன்க்கா" என்பான். "லெட்சுமி எப்படிடா இருக்கு?" என்று கேட்டால் மட்டும் ஒரு நிமிஷம் நிற்பான். ஒருதடவை, "எனக்கு எது வந்தாலும் பரவால்லக்கா, அதுக்கும் புள்ளைக்கும் வந்திரக் கூடாது. அதுக்குத்தான் வரேன்" என்றான். அவ்வளவு தெளிவாக இருந்தவன்.

கண்ணாடி மாட்டிய வாரம் வந்தான். கதவைத் திறந்தான். எதிரே ஹெல்மெட் போட்ட ஒருவன் கையைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு நின்றான். குணா கொஞ்ச நேரம் அதையே பார்த்தான்.

"திருட வந்தவன் மாரி இருக்கேன்க்கா" என்றான்.

"கண்ணாடிய பாக்காதடா, இங்க வா."

வரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டான். மோட்டார் சத்தம் கேட்டது.

பிறகு மார்க்கெட்டுக்குப் போகும்போது பாலத்தடியில் பார்த்தேன், இன்னொருவனோடு. என்னைப் பார்த்ததும் மேலே ஏறி வந்தான்.

"பை இருக்காக்கா?"

"கடைக்கு வாடா. வெளிய குடுக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டுட்டாங்க."

"அந்தக் கண்ணாடிய எடுக்கச் சொல்லுங்க, வரேன்."

"நானாடா மாட்டுனேன்? மிஸ்ஸியா மாட்டுனாங்க? அதையும் எடுக்கக் கூடாதாம்."

"அலமாக். முடி வெட்டுற கடையில முடி வெட்ட மாட்டீங்க, ஊசி குடுக்குற அக்கா ஊசி குடுக்க மாட்டீங்க. என்னாதான்க்கா செய்வீங்க?" சிரித்துக்கொண்டுதான் கேட்டான். கீழே நின்றவன் கூப்பிட்டான். குணா இறங்கிப் போனான். என் கையில் கீரையும் கருவாடும்தான் இருந்தன.

அதற்குப் பிறகு இன்ஸ்பெக்டர் இன்னொரு கடிதத்தோடு வந்தார். முடிவெட்டும் லைசென்ஸ் எடுத்துவிட்டு முடி வெட்டவில்லை என்று தெரிகிறது, இது லைசென்ஸைத் தவறாகப் பயன்படுத்துவது, அடுத்த சோதனையில் தொழில் நடப்பதற்கான அடையாளம் இல்லாவிட்டால் ரத்து என்று. அடையாளம் என்றால் என்ன என்று மிஸ்ஸி கேட்டார். தரையைக் காட்டினார். தரையில் முடி இருக்க வேண்டுமாம்! படித்து, பரீட்சை எழுதி, அரசாங்கச் சம்பளம் வாங்குகிற ஒரு மனிதர் தரையில் முடி தேடி வருகிறார்.

"அக்கா, முடி வெட்டத் தெரியுமா?" என்று மிஸ்ஸி கேட்டார்.

"தோட்டத்துல எம்புள்ளைங்க மூணுக்கும் நான்தானே வெட்டுனேன். லயத்து வீடுங்கள்ல பாதிப் பேருக்கு நான்தான்" என்றேன். பொய்யில்லை. தோட்டத்து முடிவெட்டுக்காரர் மாதம் ஒருதடவைதான் வருவார். என் கத்தரிக்கு அப்போதே ஒரு பேர் இருந்தது. கத்தரியும் சீப்பும் வெள்ளைத் துணியும் வாங்கிவைத்தோம். ஆனால் ஆள் வேண்டுமே! கண்ணாடிக்குப் பயந்து ஒருவனும் வரவில்லை.

சோதனை நாள் வந்தது. மத்தியானம் மன்றத்து வேன் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் இறங்கினார். ஒரு கால் உள்ளே, ஒரு கால் அஞ்சடியில். தரையைப் பார்த்தார். நான் காலையில்தான் துடைத்திருந்தேன், பளபளவென்று இருந்தது. அவர் ரத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட அட்டையைத் திறந்தார்.

மிஸ்ஸி நடந்துபோய் முடிவெட்டும் நாற்காலியில் உட்கார்ந்தார். கையைப் பின்னால் கொண்டுபோய்க் கொண்டையிலிருந்து ஒவ்வொரு ஊசியாக எடுத்து மடியில் வைத்தார். முடி அவிழ்ந்து நாற்காலிக்குப் பின்னால் தரையைத் தொட்டது. கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் காயம் கட்டுகிறவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

"வெட்டுங்கக்கா" என்றார்.

கத்தரியை எடுத்தேன். கழுத்துக்குக் கீழே முடியை ஒரு கையால் பிடித்துவிட்டேன். அப்போது இன்ஸ்பெக்டர் மிஸ்ஸியிடம் மலாயில் சொன்னார்:

"முடியாது, புவான். இது ஆண்கள் லைசென்ஸ். பெண் முடி வெட்டினால் அது வேறு குற்றம்."

நான் மலாயைத் தோட்டத்தில் கற்றவள். அன்றைக்கு வாயில் வந்ததெல்லாம் மார்க்கெட் மலாய், எழுதுகிற மாதிரி இல்லை. மிஸ்ஸி என் கையைத் தொட்டதால் பாதியில் நிறுத்தினேன்.

வேன் ஓட்டி வந்தவர் பாக் டின் என்று ஒரு மலாய்க்காரர். மன்றத்தில் எவ்வளவோ வருஷமாக டிரைவர். எப்போதும் வேனைவிட்டு இறங்கமாட்டார். அன்றைக்கு என் சத்தம் கேட்டு வாசலுக்கு வந்து நின்றிருந்தார். கண்ணாடியைப் பார்த்தார், மிஸ்ஸியின் முடியைப் பார்த்தார், அவருடைய துரையைப் பார்த்தார். பிறகு இரண்டு காலையும் உள்ளே வைத்து வந்தார்.

"எனக்கு வெட்டு, அச்சி. நீளமாயிருச்சு" என்று மலாயில் சொல்லித் தொப்பியைக் கழற்றினார். தமிழ்ப் பெண்களை மலாய்க்காரர்கள் அச்சி என்றுதான் கூப்பிடுவார்கள்.

நீளமாவது! காதுக்கு மேலே நாலு வெள்ளை முடி. மிஸ்ஸி எழுந்து இடம் கொடுத்தார். நான் துணியைப் போர்த்தினேன். அந்த நாலு முடியை எவ்வளவு நேரம் வெட்ட முடியுமோ அவ்வளவு நேரம் வெட்டினேன். பின்கழுத்தில் பவுடர் போட்டேன், வாசனைப் பவுடர்தான். இன்ஸ்பெக்டர் வெயிலில் ஒரு காலோடு நின்றார். தரையில் கொஞ்சம் வெள்ளை முடி விழுந்தது. பாக் டின் எழுந்து, அதைக் காட்டி, "சரிதானே துவான்?" என்று கேட்டார். மன்றத்து ஆளே முடி வெட்டிக்கொண்ட பிறகு மன்றம் என்ன எழுதும்? வேலை நடக்கிறது என்று எழுதிவிட்டுப் போனார்.

மிஸ்ஸி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு கொண்டை போட்டார். ரொம்ப நேரம் போட்டார்.

பாக் டின் ஏன் உட்கார்ந்தார் என்று நான் கேட்கவில்லை. ஆனால் அவர் காப்பிக்கடையில் உட்கார்ந்து போகிறவன் வருகிறவனிடமெல்லாம், அச்சி கடையில் நன்றாக வெட்டுகிறார்கள், காசு வாங்குவதில்லை என்று சொல்லிவிட்டார். முதலில் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற இரண்டு பேர் வந்தார்கள். பிறகு எங்கள் ஆட்களில் ஒருவன். முடி வெட்டத்தானே வருகிறான், யார் என்ன கேட்க முடியும்? வாசலில் போலீஸ் நிறுத்திக் கேட்டால், "குந்திங், துவான்", முடி வெட்ட வந்தேன் ஐயா, என்று முடியைத் தொட்டுக் காட்டுவான். உள்ளே வந்து நாற்காலியில் உட்காருவான். கண்ணாடியில் அந்தக் கன்னம் ஒட்டினவன் இருப்பான். நான் தண்ணீர் தெளித்துச் சீவி, காதோரம் ஒதுக்கி, மீசையை ஒழுங்குபண்ணி, துணியை உதறுவேன். இப்போது வேறொருவன் இருப்பான். கொஞ்ச நேரம் அவனையே பார்ப்பான். எழுந்து போகும்போது மஞ்சள் தொட்டியில் பழையதைப் போட்டுப் புதுப் பையை வாங்கிப் போவான். இதை மன்றம் திட்டம் போட்டுச் செய்ததாக யாரும் நினைத்துவிடாதீர்கள். முட்டாள்தனமாக ஒன்றைச் செய்தார்கள். நாங்கள் அதற்குள் வாழப் பழகினோம்.

குணா ஒரு சாயங்காலம் வந்தான். கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, "இங்க முடி வெட்டுறாங்களாமே?" என்றான்.

"தொப்பியக் கழட்டுனா வெட்டலாம்" என்றேன்.

கழற்றினான். இத்தனை காலத்தில் அன்றைக்குத்தான் அவன் முகத்தை முழுசாகப் பார்த்தேன். சின்ன முகம். காது இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஹெல்மெட் அழுத்தி அழுத்தி நெற்றியில் கோடு விழுந்திருந்தது. நிறைய நேரம் எடுத்து வெட்டினேன். பாதியில் அவனாகப் பேசினான்.

"அக்கா, நடுவுல கொஞ்ச நாளு எவன் ஊசின்னு பாக்காம போட்டேன்."

"தெரியும்டா."

"ரத்தம் எடுத்துப் பாக்கலாமா?"

மிஸ்ஸி அழைத்துக்கொண்டு போனார். முடிவு வந்தபோது மிஸ்ஸி அவனை அதே சிவப்பு நாற்காலியில் உட்காரவைத்து, எதிரே இன்னொன்றைப் போட்டு முட்டியோடு முட்டியாக உட்கார்ந்து சொன்னார். நோய் ஏறியிருந்தது. கண்ணாடி மாட்டுவதற்கு முன்னால் எடுத்த ரத்தத்தில் இல்லை, இப்போது இருந்தது. அவன் தன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "லெட்சுமி?" என்றான்.

லெட்சுமியிடம் அவனே சொன்னான். அன்றைக்கு அந்த வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. மறுநாள் அவள் வீங்கின கண்ணோடு, வயிற்றைத் தாங்கிக்கொண்டு தனியாக வந்து, "எங்கக்கா ரத்தம் குடுக்கணும்?" என்றாள். மிஸ்ஸி கூடப் போனார். முடிவு வருகிற வரைக்கும் நான் மாரியம்மனிடம் சண்டை போட்டேன், கெஞ்சவில்லை. லெட்சுமிக்கு இல்லை. திரும்பத் திரும்பப் பார்த்தார்கள், இல்லை. பிள்ளையும் சுத்தமாகப் பிறந்தது.

லைசென்ஸ் புதுப்பிக்கிற நேரத்தில் இன்ஸ்பெக்டர் வந்தார். நான் வாசலிலேயே நிறுத்தினேன். மிஸ்ஸி உள்ளே இருந்தார், என்னைத் தடுக்கவில்லை. எனக்குத் தெரிந்த மலாயில், பெயர் சொல்லாமல், ஒருவனைப் பற்றிச் சொன்னேன். நீங்கள் மாட்டச் சொன்ன கண்ணாடி, நீங்கள் பூட்டச் சொன்ன பை, அதற்கு நடுவில் அவன் போட்ட ஊசி. "எல்லாத்துக்கும் வகை வச்சிருக்கீங்களே, அந்தக் கிருமிக்கு எந்த வகையில லைசென்ஸ் குடுத்தீங்க?" என்று கடைசியில் தமிழிலேயே கேட்டுவிட்டேன்.

அவர் தரையைப் பார்த்தார். அன்றைக்குத் தரையில் நிறைய முடி இருந்தது. முதல் தடவையாகத் தமிழில் பேசினார்.

"என் கையில என்னக்கா இருக்கு?"

நான் பார்த்தேன். கையில் டேப் இருந்தது.

கதவகலம் அளந்தார், எழுதினார், போனார். அவர் தமிழ் அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவரை நல்லவர் என்று சொல்லச் சொன்னார் மிஸ்ஸி. மிஸ்ஸிக்காக எத்தனையோ செய்திருக்கிறேன். அதை மட்டும் செய்யவில்லை.

மிஸ்ஸி இப்போது இல்லை. நான் வேலையை விட்ட வருஷம் போய்விட்டார். கடைசி வரை கொண்டை முழுசாக இருந்தது.

இப்போது மன்றம் புது விதி கொண்டுவந்திருக்கிறது. ஊசி மாற்றும் இடத்துக்கென்று தனி வகை வந்துவிட்டது. பை தூக்கிக்கொண்டு வெளியே போகலாம். எத்தனையோ வருஷம் கழித்து ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறார்கள், வாழ்க. ஆனால் புது வகையில், அந்த இடத்தில் வேறு தொழில் எதுவும் நடக்கக் கூடாதாம். அதனால் ஸ்டோர் ரூமுக்குத் தள்ளின நாற்காலியும் கண்ணாடியும் வெளியே போக வேண்டும். வாசலில் பெரிய எழுத்தில் போர்டு வேண்டும். உள்ளே வருகிறவர் முகம் தெரிகிற மாதிரி கேமரா வேண்டும். கண்ணாடியாவது அவன் முகத்தை அவனுக்கு மட்டும் காட்டியது. வெள்ளைச் சப்பாத்துப் பெண்ணிடம் இதைச் சொன்னேன். "ஓ, அப்படியா ஆண்டி. நோட் பண்ணிக்கிறேன்" என்றாள். எங்கள் புதுப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன்: கேமராவுக்குப் பயந்து ஆட்கள் நின்றுபோகும்போது, ஏன் வரவில்லை என்று கூட்டம் போடாதீர்கள். வெளியே போய்த் தேடுங்கள். இப்போது பை உங்கள் தோளில் இருக்கிறது.

நாற்காலியைக் குப்பை லோரிக்காக அஞ்சடியில் வைத்திருந்தார்கள். நான் குணாவுக்குப் போன் போட்டேன். அவன் பவுடரை விட்டு வருஷங்கள் ஆகின்றன. முதலில் கிளினிக்கில் போய் மாற்று மருந்து குடித்தான், பிறகு அதுவும் தேவைப்படவில்லை. நோய்க்குத் தினமும் மாத்திரை சாப்பிடுகிறான், குண்டாகக்கூட ஆகிவிட்டான். கூட்டாளியின் சின்ன லோரியை ஓட்டிக்கொண்டு வந்தான். நாற்காலியையும் கண்ணாடியையும் ஏற்றி உலு திராமில் என் மகள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். கார் நிறுத்துகிற இடத்தில் நாற்காலியைப் போட்டோம். கண்ணாடியை அவன்தான் ஆணி அடித்து மாட்டினான். கொஞ்சம் தள்ளி நின்று, "இன்னும் கொஞ்சம் எறக்கணும்க்கா, நெத்தி தெரியல" என்று திரும்ப அடித்தான்.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முடி வெட்டிக்கொள்ள வருகிறான். அவன் சொல்லி வேறு சிலரும் வருகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர், "ஏம்மா, இதுக்கெல்லாம் மன்றத்துல லைசென்ஸ் வேணுமே, புகார் கிகார் போயிறப் போவுது" என்று பயமுறுத்திவிட்டுப் போனார்.

போகட்டும். என்னிடம் லைசென்ஸ் இல்லை. எந்த வகையில் என்னைப் பிடிப்பார்கள் என்று எனக்கும் பார்க்க ஆசைதான். வருகிறவர் யாராக இருந்தாலும் இரண்டு காலையும் உள்ளே வைத்து வரட்டும். தொப்பியைக் கழற்றிவிட்டு முதலில் அந்த நாற்காலியில் உட்காரட்டும். பிறகு பேசுகிறேன்.